நாற்பத்தேழாம் பக்கம்

பள்ளிக்கூடத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. தலைமை ஆசிரியரில் தொடங்கி ஆறாம் வகுப்பு வாண்டு வரைக்கும் எல்லோருக்கும் அவள் பசையக்கா. உத்தியோகம் என்னவோ அலுவலக உதவியாளர்தான். மணி அடிக்க வேண்டும், பதிவேடு தூக்க வேண்டும், தலைமை எழுத்தர் கண்ணயரும் நேரத்தில் யாராவது வந்தால் பலமாக இருமிக் காட்ட வேண்டும். ஆனால் இருபது வருடமாக அவள் நிஜமாகப் பார்த்த வேலை மாடிப்படிக்கு அடியில் இருந்த புத்தக அறையில்தான். ஒரு ஜன்னல், ஒரு கரண்ட் அடுப்பு, பசை காய்ச்சும் அலுமினியச் சட்டி, ஒட்டிய புத்தகங்களை வைத்துத் திருகி இறுக்கும் இரும்பு பிரஸ். அந்த அறைக்குள் அவள் வைத்ததுதான் சட்டம்.

அலமாரியில் 'நமது மாவட்ட வரலாறு' அறுநூற்றுப் பன்னிரண்டு பிரதிகள் இருந்தன. ஜூனில் பிள்ளைகளுக்குக் கடனாகக் கொடுப்பார்கள், ஏப்ரலில் திரும்ப வாங்குவார்கள். அச்சடித்தது ஒரே ஒரு தடவை. அட்டை கிழிந்தால் அவள் புது அட்டை போடுவாள், தையல் விட்டால் தைப்பாள். மறுபடி அச்சடிக்க எந்த அரசாங்கத்துக்கும் மனம் வரவில்லை. ஏன் வரும்? அவர்கள் மாற்ற நினைத்தது ஒரே ஒரு பக்கத்தில், நாற்பத்தேழாம் பக்கத்தில், நான்கே வரி. அதற்கு அவளும் ஒரு சட்டிப் பசையும் போதுமே.

அந்த நான்கு வரியில் இருந்தது ஊருக்கு வெளியே உள்ள மண்மேட்டின் கதை.

ஊரை ஒரு கால்வாய் இரண்டாக்குகிறது. மேல்கரை ஒரு பக்கம், கீழ்க்கரை ஒரு பக்கம். மேட்டைத் தொல்லியல்காரர்கள் வந்து தோண்டியபோது அவள் புருஷன், மேல்கரைக்காரர், அங்கே மண் சுமந்தார். கை பதமாக இருக்கிறது என்று இரண்டாவது மாதம் அவரிடம் பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். ஒரே குழிக்குள் நாற்பத்தொரு எலும்புக்கூடுகள். ஒருத்தியின் கைக்கூட்டுக்குள் ஒரு குழந்தையின் எலும்பு. அந்தக் குழந்தையின் மண்ணை நாலு நாள் உட்கார்ந்து துடைத்தவர் இவர்தான். ஊரே திரண்டு வந்து, இது எந்தக் கரை ஆள், எந்தக் கரை ஆள் என்று கேட்டது. "எலும்பு மேல எழுதி ஒட்டியா வச்சிருக்காங்க?" என்று இவர் கேட்டதற்கு ஒருவனும் சிரிக்கவில்லை. தோண்ட வந்த அதிகாரி நல்ல மனுஷன். நோட்டுப் புத்தகத்தில் அவர் எழுதியதுதான் அப்படியே பாடத்தில் வந்தது. 'இவர்கள் யார், எவ்வாறு இறந்தார்கள் என்பது தெரியவில்லை.'

அந்தத் 'தெரியவில்லை'யை இரண்டு கரைக்கும் பிடிக்கவில்லை. தெரியாததை வைத்துக்கொண்டு யார் ஓட்டுக் கேட்பது?

நாலு வருடத்தில் முதல் ஒட்டுத்தாள் கட்டு வந்து சேர்ந்தது. அந்த நான்கு வரியை மறைக்கும் அளவில் கத்தரித்த தாள்கள். 'கீழ்க்கரையார், உறங்கிக்கொண்டிருந்த மேல்கரையாரின் கழுத்தை அறுத்துக் கொன்றனர்.'

"இது யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டாள்.

"மேல இருந்து வந்திருக்கு," என்றார் தலைமை எழுத்தர்.

அவள் மேலே பார்த்தாள். மின்விசிறிதான் இருந்தது. பசையைக் காய்ச்சி ஒட்டினாள். சம்பள வேலை, ஒட்டாமல் என்ன செய்வாள்? மைதாவோடு, பூச்சி வராதிருக்க ஒரு கரண்டி மயில்துத்தம், அந்த நீல நிற விஷ உப்பு. பிரஸ்ஸில் வைத்து ஒரு திருகு. அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம், ஒன்பது நாள். கொழுந்தன் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. தாய் இல்லாத பையன், இரண்டு வயதிலிருந்து அவள் சோற்றில் வளர்ந்தவன், தொட்டால் வெடிப்பான் என்பதால் பட்டாசு என்று பெயர். வாசலில் உட்கார்ந்து அந்த நான்கு வரியைச் சத்தம் போட்டு மனப்பாடம் செய்தான். பரீட்சைக்கு வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

பரீட்சைக்கு வந்ததோ என்னவோ, தெருவுக்கு வந்தது. மேல்கரைப் பிள்ளைகள் கால்வாய்ப் பாலத்தில் ஒரு கீழ்க்கரைத் தையல்காரரைப் பிடித்துக் கழுத்தில் வெட்டினார்கள். நாற்பத்தொன்றுக்கு முதல் கணக்கு என்று கத்தினார்களாம். அடுத்த நாள் கீழ்க்கரை திரும்பி வந்தது. கால்வாயிலிருந்து ஏழு பிணம் எடுத்தார்கள். சண்டையை விலக்கப் போன அவள் புருஷனின் முகத்தில் உடைந்த பாட்டிலைச் செருகினார்கள். நாலு நாள் உட்கார்ந்து குழந்தையின் எலும்பைத் துடைத்த மனுஷனுக்கு ஒரு கண் போயிற்று. "பரவால்ல விடு, பாதிச் சண்டைதான் இனி தெரியும்," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் விரல் நகத்துக்குள் நீலமாகக் காய்ந்திருந்த பசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு வருடம் கழித்து ஆட்சி மாறியது. இரண்டாவது ஒட்டுத்தாள் வந்தது. 'மேல்கரையார், விருந்துக்கு அழைத்த கீழ்க்கரையாரைக் கொன்று குழியில் தள்ளினர்.' பழைய தாளை உரித்தால் பக்கம் கிழியும், அதன் மேலேயே ஒட்டு என்று உத்தரவு. ஒட்டினாள். அந்த வருடம் பேருந்து ஒன்று எரிந்தது. கதவை வெளியிலிருந்து கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். பதினொரு பேர். எரிந்த வண்டியின் நாற்றம் ஒரு வாரம் வகுப்பறைக்குள்ளேயே நின்றது. அந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் பிள்ளைகள் நாற்பத்தேழாம் பக்கத்தைப் படித்தார்கள்.

அதற்கும் ஆறு வருடம் கழித்து மூன்றாவது ஒட்டுத்தாள். இரண்டு கரையும் சேர்ந்த கூட்டணி ஆட்சி அது. 'இவர்கள் கொள்ளைநோயால் இறந்தனர்.' படித்ததும் பசையக்காவுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. "நல்ல நோய்ங்க. இதுக்கு முன்னாடியே வந்திருக்கலாம்," என்று எழுத்தரிடம் சொன்னாள். பொய்தான். ஆனாலும் கையில் கத்தி கொடுக்காத பொய். அதன் பின் வந்த மூன்று வருட அமைதியில்தான் அவள் மகள், பள்ளிக்கு மாற்றலாகி வந்த கீழ்க்கரை வரலாற்று ஆசிரியரைக் கல்யாணம் செய்துகொண்டாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவர், பிள்ளைகளுக்குக் கண்ணாடி சார். பள்ளியில் இவளும் அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுவாள், அவரும் 'அக்கா' என்பார். சாயந்தரம் வீட்டுப்படி ஏறினால் மாப்பிள்ளை, அத்தை. இந்த முறையை இரண்டு பேரும் ஒருநாளும் மாற்றியதில்லை. கல்யாணத்துக்கு வராத ஒரே ஆள் பட்டாசு.

மூன்றாவது தாளை ஒட்டியபோது அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். அதற்கு முந்தின வருடம் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, எச்சில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் உள்ளவள், வகுப்பிலேயே வாந்தி எடுத்தாள். டாக்டர் மயில்துத்தம் என்றார். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் பசையக்காவுக்கு மனசு ஆறவில்லை. அடுத்து பசை காய்ச்சும்போது துத்தத்தைச் சேர்க்காமல் விட்டாள். வெறும் மைதா. பிள்ளைகள் பாவம் என்றுதான் நினைத்தாள், வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

பூச்சிகளுக்கு விருந்தாகப் போயிற்று. அலமாரியில் கரப்பானும், வெள்ளி நிறத்தில் வழுக்கி ஓடும் அந்தச் சின்னப் பூச்சியும், மேல் தாளின் பசையை மட்டும் நக்கித் தின்றன. கீழே இருந்த இரண்டும் துத்தம் போட்டவை, அவற்றைத் தொடவில்லை. நோய் மட்டும் கழன்று விழக் காத்திருந்தது.

விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில். எட்டாம் வகுப்பு மேல்கரைப் பையன் ஒருவன் புத்தகத்தைத் திறந்ததும் தாள் மடியில் விழுந்தது. அடியில் இருந்ததைத் தானே சத்தமாகப் படித்துவிட்டான். 'மேல்கரையார், விருந்துக்கு அழைத்த...' பின்வரிசையில் ஒரு கீழ்க்கரைப் பையன் கொக்கரித்துச் சிரித்தான். படித்தவன் எழுந்து போய், ஜியாமெட்ரி பெட்டியிலிருந்த காம்பஸை அவன் தொண்டையில் குத்தினான். குத்துப்பட்டவனின் அண்ணன் அதே வகுப்பு. பெஞ்சுப் பலகையைப் பெயர்த்துக் குத்தியவன் தலையில் அடித்தான், மறுபடி அடித்தான், பலகை பிளந்தது. கரும்பலகைப் பக்கம் இருந்த கண்ணாடி சார் பாய்ந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஒருவனை மடியில் போட்டுக்கொண்டு, இன்னொருவன் தொண்டையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவர் கத்திய கத்து மாடிப்படிக்கு அடியில் வரை கேட்டது. தொண்டையில் குத்துப்பட்டவன் பிழைத்தான். மேல்கரைப் பையன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் செத்துப்போனான்.

சாவுச் செய்தியோடு இன்னொரு செய்தியும் கால்வாயைச் சுற்றி வந்தது. தாளைப் பிரித்தது கண்ணாடி சார். வேண்டுமென்றே பிரித்துப் படிக்கச் சொன்னார். கீழ்க்கரைக்காரர்தானே, பின்னே என்ன செய்வார்?

மூன்று மணிக்கு மேல்கரை ஆட்கள் கேட்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தார்கள். அறுபது எழுபது பேர். பசையக்கா மாப்பிள்ளையைப் புத்தக அறைக்குள் தள்ளி, அலமாரிக்குப் பின்னால் உட்கார வைத்துக் கதவைப் பூட்டினாள். அவர் சட்டை முழுக்கப் பிள்ளைகளின் ரத்தம். "அத்தை, நான் பிரிக்கல," என்றார், முதல் தடவையாகப் பள்ளிக்குள் முறை மறந்து. "தெரியும். வாயை மூடிட்டு உக்காருங்க," என்றாள்.

கதவு இரண்டு உதைக்குத்தான் தாங்கியது. முன்னால் வந்தவன் பட்டாசு. கையில் கம்பி. பின்னால் வந்தவர்கள் அலமாரியைக் கவிழ்த்து, மாப்பிள்ளையைக் காலைப் பிடித்து இழுத்தார்கள். கண்ணாடி விழுந்து ஒருவன் செருப்புக்கு அடியில் நொறுங்கியது. விலாவில் உதைத்த உதையில் எலும்பு முறிந்த சத்தம் அவளுக்குக் கேட்டது. பட்டாசு கம்பியை அவர் கழுத்தின் மேல் குறுக்கே வைத்து அழுத்தினான்.

"டேய், அவர் பிரிக்கலடா! பூச்சிடா!" அவள் ஒரு புத்தகத்தைப் பிரித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தாள் தானே விழுந்தது. இன்னொன்றைப் பிரித்தாள். அதுவும் விழுந்தது. வெள்ளிப் பூச்சி ஒன்று அவள் மணிக்கட்டில் ஏறி ஓடியது. "பசைல துத்தம் போடல. நான்தான் போடல. எல்லாத்துலயும் கழண்டு நிக்குது பாரு. தப்பு என் மேல."

"எதுக்குப் போடல?"

"பசங்க எச்சில் தொட்டுப் புரட்டுதுங்க, வயித்துக்குள்ள போகுதேன்னு."

யாரோ ஒருவன் சிரித்தான். பட்டாசு சிரிக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. செத்த பையன் அவன் சிநேகிதனின் தம்பி. "பெரிம்மா, மருமகனுக்காகப் பொய் சொல்றியா?"

"உனக்குச் சோறு போட்ட கைடா இது. இதான் ஒட்டிச்சு. மூணையும் இதான் ஒட்டிச்சு. நீ மனப்பாடம் பண்ணியே, அதையும் இதான் ஒட்டிச்சு. யாரையாவது ஏதாவது பண்ணணும்னா இதைப் பண்ணு. அவரை விட்டுடு."

வலது கையை நீட்டினாள். அவன் செய்யமாட்டான் என்று அவள் நம்பியதை மறைப்பதற்கில்லை. இரண்டு வயதிலிருந்து அந்தக் கையில் சாப்பிட்டவன். அவன் கம்பியை மாப்பிள்ளையின் கழுத்திலிருந்து எடுத்தான். அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் பிரஸ்ஸின் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்தான். திருகினான். திருகும்போது, 'கீழ்க்கரையார், உறங்கிக்கொண்டிருந்த மேல்கரையாரின்...' என்று முணுமுணுத்துக்கொண்டே திருகினான். பதினாறு வருடத்தில் ஒரு சொல் மறக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக உடைந்தன. நாலாவது திருகில் அவள் நினைவு தப்பியது. போலீஸ் வண்டிச் சத்தம் கேட்டுக் கூட்டம் பின்சுவர் ஏறிக் குதித்தது என்று பிறகு சொன்னார்கள். பிரஸ்ஸை எதிர்ப்பக்கம் திருகி அவள் கையை எடுத்தவர், முறிந்த விலாவோடு தவழ்ந்து வந்த மாப்பிள்ளை.

அந்த வாரம், வகுப்பில் அடிபட்ட பையன் போக, இரண்டு கரையிலும் பத்தொன்பது பேர் செத்தார்கள். பட்டாசும் அதில் ஒருவன். பாலத்துக்கு அடியில், முகமே இல்லாமல். வளர்த்த பிள்ளைக்காக அவள் அழுதாள், அவன் நசுக்கிய கையை மார்பில் கட்டிக்கொண்டு அழுதாள். எதற்காக அழுகிறாய் என்று யாரும் அவளைக் கேட்கத் துணியவில்லை.

விசாரணை நடந்தது. கோடை விடுமுறையில் நான்காவது கட்டு வந்தது. தலைமை எழுத்தர் அதை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தார்.

'மேட்டில் கண்டெடுக்கப்பட்டோர் நோயால் இறந்தவர்களே. இவ்வுண்மையை மறைத்து, வரலாற்று ஆசிரியர் ஒருவர் மாணவரிடையே பகையை மூட்டினார். அதனால் இருபது உயிர்கள் பலியாயின.'

அவள் இரண்டு தடவை படித்தாள். "பூச்சின்னு வாக்குமூலம் குடுத்தேனே. கைநாட்டு கூட இடது கையில வச்சேனே."

"பூச்சியைப் பாடத்துல போட முடியுமா அக்கா? ரெண்டு கரையில எதைச் சொன்னாலும் மறுபடி பத்திக்கும். ஒருத்தர் மேல போட்டா முடிஞ்சுது. பேர் கூடப் போடலியே."

"இந்த ஊர்ல எத்தனை வரலாற்று வாத்தியார் இருக்காங்க?"

எழுத்தர் கட்டை அவள் பக்கம் தள்ளினார். "மேல இருந்து வந்திருக்கு," என்று மட்டும் சொன்னார். இந்தத் தடவை அவள் மேலே பார்க்கவில்லை.

வீட்டில் மாப்பிள்ளையிடம் சொன்னாள். "வேற ஊருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிடுங்க." அவர் புதுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். "நான் ஒண்ணும் பண்ணல அத்தை. போனா பண்ணினதா ஆயிடும்." மகள் தன் புருஷன் பக்கம். அவள் புருஷன், அந்த ஒற்றைக் கண்ணர், சுவரின் பக்கம். ஆக, மாப்பிள்ளையின் கழுத்தைக் காப்பாற்றும் வேலை மறுபடி அவள் தலையில், அதுவும் ஒற்றைக் கையோடு.

ஒட்டாவிட்டால் வேறு யாராவது ஒட்டுவார்கள். எரித்தால் வேறு பள்ளியிலிருந்து புத்தகம் வரும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பசை காய்ச்சினாள், ஒரு கரண்டிக்குப் பதில் மூன்று கரண்டி துத்தம், சட்டி முழுக்கக் கரும்நீலம். பிள்ளைகள் எச்சில் தொட்டால் தொடட்டும், இதைவிடக் கொடிய விஷம் அந்தத் தாளிலேயே இருந்தது. இடது கையால் தாளைத் திருப்பினாள். எழுத்து உள்ள பக்கத்தில் பசை தடவி, எழுத்தை உள்ளே வைத்து, வெறும் வெள்ளை முதுகு வெளியே தெரிய ஒட்டினாள். அறுநூற்றுப் பன்னிரண்டு தாள், அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகம். உத்தரவிட்டபடி ஒன்று குறையாமல் ஒட்டியாகிவிட்டது. இருபத்தொன்பது நாள் ஆயிற்று. பிரஸ்ஸை மட்டும் அவள் தொடவில்லை. செங்கல் வைத்து இறுக்கினாள்.

"நல்லா வேலை பாத்திருக்க," என்றார் ஒற்றைக் கண்ணர், ஒரு புத்தகத்தைப் பிரித்துப் பார்த்து. "கடைசில அந்த அதிகாரி எழுதினதையே திரும்ப எழுதிட்ட."

ஜூனில் புத்தகங்கள் வகுப்புக்குப் போயின. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதம் போயிற்று, இரண்டு மாதம் போயிற்று. மாப்பிள்ளை நாற்பத்தேழாம் பக்கத்தைத் தாண்டி நாற்பத்தெட்டுக்குப் போய்விட்டார். அவளுக்குச் சோறு இறங்கத் தொடங்கியது. இரவில் மரத்துப்போன விரல்களை மகள் தேய்த்துவிடும்போது சிரித்துப் பேசினாள்.

காலாண்டுக்கு முன் அட்டை சரிபார்க்க எட்டாம் வகுப்புப் புத்தகங்கள் அவள் அறைக்கு வந்தன. முதல் புத்தகத்தைப் பிரித்தாள். வெள்ளைத் தாள் வெள்ளையாக இல்லை. பென்சிலால் ஒரு கத்தி வரைந்திருந்தது. இரண்டாவதில், 'கண்ணாடி' என்று எழுதி அடித்திருந்தது. மூன்றாவதில் கெட்ட வார்த்தை. நாலாவதில் ஒன்றும் இல்லை, அவளுக்கு மூச்சு வந்தது. ஐந்தாவதில் அழகான கையெழுத்து, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளையாக இருக்க வேண்டும். கோடு போட்டு, இலக்கங்களை ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்து, நாற்பத்தொன்றும் ஒன்றும் நாற்பத்திரண்டு என்று கூட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடி. தாளில் இல்லாததை யாரும் அதுகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தினமும் கேட்கிறதுகள். அவள் வெள்ளையாக ஓர் இடம் விட்டுக் கொடுத்திருந்தாள், அவ்வளவுதான்.

முப்பத்தெட்டுப் புத்தகத்தில் இருபத்தாறில் ஏதாவது இருந்தது. பத்தில் அதே கூட்டல்.

அந்தக் கெட்டிக்காரப் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு மாடி ஏறினாள். எட்டாம் வகுப்பில் அவர் முதுகைக் காட்டிக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"மாப்பிள்ளை."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவள் அங்கே அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரே போய்ப் புத்தகத்தைப் பிரித்து அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தாள். அவர் படித்தார். முகம் வெளுத்தது.

"சின்னப் பசங்க அத்தை. விளையாட்டு."

"போன தடவையும் சின்னப் பசங்கதான். நடங்க. பொண்ணுக்குப் போன் பண்ணிட்டேன், துணி எடுத்து வச்சுட்டு நிக்கிறா."

"நான் ஒண்ணும் பண்ணலியே."

"அந்த நாப்பத்தொரு பேர் மட்டும் என்ன பண்ணாங்க? நடங்க மாப்பிள்ளை."

அவர் வகுப்பைப் பார்த்தார். எல்லாப் பிள்ளைகளும் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தன. கடைசி பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் சிரிக்காமல், பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் சாக்பீஸைக் கீழே வைத்தார்.

இருவரும் கேட்டைத் தாண்டும்போது மணி பன்னிரண்டு. அன்று மத்தியான மணியை அடிக்கப் பள்ளியில் ஆள் இல்லை.